அடம்

லிஃப்ட் காசு போட்டால்தான் நகரும்.
நசிப்ரோலா ஆறு மாடியும் ஏறினாள்.
சியாத்துராவில் மாங்கனீசுச் சுரங்கம் மூடி
ஐந்தாவது மாதம்.
பையில் இருபத்தாறு கேள்விகள்,
எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்து
பதினோரு மொழிகளில் சட்டை மாற்றிக்கொண்டு வந்தவை.
இதே வாரம் பெருவில் ஒரு பெண் இவற்றைக் கேட்கிறாள்,
நார்வேயில் ஒருவர் காப்பி ஆறுவதற்குள் கேட்டு முடிக்கிறார்.
நிரப்பிய படிவம் ஒன்றுக்கு ஏழு லரி.

கதவைத் திறந்தவள் மக்வாலா.
அவள் மகன் நுக்ரி, ஆறு வயது,
ஜன்னலோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தான்
பென்ஷன் வரிசையில் காத்திருப்பவரைப்போல.

கேட்டது கிடைக்காவிட்டால் கத்துவானா?
கத்தமாட்டான்.
தரையில் விழுந்து புரள்வானா?
இல்லை.
பொருள்களை உடைப்பானா?
மக்வாலா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்,
இல்லை என்றாள்.
மற்றப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்வானா?
எப்போதும்.

தலையணை உறைக்குள் காய்ந்துகொண்டிருந்த
நான்கு ரொட்டித் துண்டுகளைப் பற்றி
படிவத்தில் கேள்வி இல்லை.
பூட்டில் சாவி திரும்பும் வேகத்தை வைத்து
அப்பா ரெவாஸ் இன்று எப்படி வருகிறார் என்று
கண்டுபிடித்துவிடுகிற காதைப் பற்றியும் இல்லை.

கடைக்குக் கூட்டிப்போனால் தங்கமாக நிற்பான், என்றாள் மக்வாலா.
கடைக்காரி சியாலா கடன் நோட்டைப் புரட்டும்போது
அலமாரிப் பக்கம் அவன் கண் போவதே இல்லையாம்.
காலணியைப் பார்த்தபடி நிற்பானாம்.
நோட்டு மூடுகிற சத்தம் கேட்டுத்தான்
நிமிர்வானாம்.
இதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை,
பெருமைக்கு நடுவே குரல் எங்கோ வழுக்கியது.

கூட்டிப் பார்த்தாள் நசிப்ரோலா. பூஜ்யம்.
அவள் போன வீடுகளிலேயே
சிக்கல் இல்லாத ஒரே பிள்ளை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிறோம்.
அது பால் இருக்கிற வீட்டுப் பழமொழி.
இல்லாத வீட்டில் பிள்ளை
யாரும் சொல்லித்தராமலே சிக்கனம் படிக்கிறது;
முதலில் அழுகையை மிச்சம் பிடிக்கிறது,
பிறகு ஆசையை.

அடுத்த இலையுதிர் காலம், இரண்டாம் சுற்று.
சுரங்கம் வசந்தத்தில் திறந்திருந்தது.
நான்கு சம்பளம் முழுதாக வந்துவிட்டது;
சியாலா அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு
கிழித்தும் போட்டுவிட்டாள்.

நான்காம் மாடியிலேயே கேட்டது அலறல்.
கதவு திறந்தே கிடந்தது.
தரையில் மல்லாந்து நுக்ரி,
முகம் பீட்ரூட் நிறம்,
சுவரில் மோதி விழுந்த புது ரப்பர் பூட்ஸ்,
ஒரு தட்டு மூன்று துண்டாக.
கறுப்பு வேண்டாம்! பச்சை! பச்சைதான்!
குதிகாலால் தரையை உதைத்தான்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் பதில் இடித்தார்.

மக்வாலா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்,
சிரிப்பு வந்துவிட்டது.
முந்தானை இல்லாத ஊர்,
மாவு அப்பிய கையாலேயே வாயை மூடிக்கொண்டாள்.
ரெவாஸ் தட்டுத் துண்டுகளைப் பொறுக்கியபடி
பச்சைதானே, பார்க்கலாம் என்றார்,
குரலை உயர்த்தாமல்.

கத்துவானா? ஆம்.
புரள்வானா? நீயே பார்.
உடைப்பானா? இந்த வாரத்தில் இரண்டாவது.
பதினெட்டு.
சிவப்புக் கோட்டைத் தாண்டிய எண்.
குறிப்புகளுக்கு ஒரு வரி இடம் இருந்தது.
'பயம் விட்டுப்போயிருக்கிறது' என்று எழுதினாள்.
அந்த வரியைக் கணினியில் ஏற்ற
யாருக்கும் சம்பளம் இல்லை.
எங்கோ ஒரு திரையில்
வருமானக் கோடும் கோபக் கோடும்
சேர்ந்தே ஏறும்; ஒருவர் கண்ணாடியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொள்வார்.

இறங்கினாள் நசிப்ரோலா.
மேலே அழுகை தாராளமாகத் தொடர்ந்தது.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
தன் மகள் ஞாபகம் வந்தது. ஒன்பது வயது.
போன பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது
ஒன்றும் வேண்டாம்மா, என்று
உடனே சொன்னவள்.

கைப்பிடிக் கம்பி சில்லென்றிருந்தது.
பிடித்துக்கொண்டு நின்றாள் கொஞ்ச நேரம்.